தேதி சாரின் இரண்டு பதினேழுகள்

“கடவுளே நேர்ல வந்து வரிசையில நின்னு கேட்டாலும் சரி, என் கையைத் தாண்டி ஒரு நாள் கூடாது, ஒரு நாள் குறையாது!”

தேதி சார் இப்படி முழங்கியது, தினசரி காலண்டர் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தின் அடுக்கு அறையில், காலை பதினொன்றரை மணிக்கு. நேரில் கேட்டவர்கள் பதினான்கு பெண்களும் ஒரு சுமைதூக்கியும். கடவுள் தரப்பில் யாரும் வந்திருந்ததாகத் தகவல் இல்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் தேதி சார். முப்பத்தொரு வருடமாக அவர் பார்த்தது ஒரே வேலை: புரூஃப் பார்ப்பது. மற்ற அச்சகங்களில் புரூஃப் பார்ப்பவர்கள் கொம்பு விட்டுப்போச்சா, புள்ளி விட்டுப்போச்சா என்று எழுத்தைத் தேடுவார்கள். இவர் நாளைத் தேடுவார். பத்துக்குப் பிறகு பதினொன்று வருகிறதா, செவ்வாயை அடுத்து புதன் இருக்கிறதா, செப்டம்பர் முப்பதோடு ஒழுங்காக நிற்கிறதா. உலகத்துக்கே தெரிந்த இந்த உண்மைகளை வருடா வருடம் புதிதாகச் சந்தேகப்படுவதுதான் அவர் தொழில்.

கட்டி முடித்த காலண்டரை இடது கையில் ஏந்தி, வலது கட்டை விரலால் ஓரத்தை விர்ரென்று ஓர் ஓட்டு ஓட்டுவார். “ஒண்ணு கம்மி” என்பார். எண்ணிப் பார்த்தால் ஒன்று கம்மியாகத்தான் இருக்கும். அந்தக் கட்டை விரலை முதலாளியே ஒரு முறை கும்பிட்டதாகச் சொல்வார்கள். கும்பிட்டது விரலையா, இல்லை ‘ஆளை விடுய்யா’ என்றா என்பதில் அச்சகத்தில் இரண்டு கருத்து உண்டு.

முழக்கத்துக்குக் காரணம் ஒரு ஜூன் நான்கு. முந்தின வருடம், கண்ணெல்லாம் சிவந்துபோய் ஒரு மனிதர், சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கிய காலண்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அச்சகத்துக்குள் நுழைந்தார்.

“யாருய்யா இங்க நாளைக் கணக்குப் பாக்கறது? எங்க வீட்டுல ஜூன் நாலு ரெண்டு தடவை வந்திருக்குய்யா! ஒன்பதாம் தேதி எனக்கு வாய்தா. தினம் ஒண்ணா கிழிச்சுக்கிட்டு, ஒன்பதுன்னு பாத்துக்கிட்டு, சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா, ஒன்பதாம் தேதி நேத்தே போயிடுச்சுங்கறான்!”

அவருக்கு டீ கொடுத்து, புதுக் காலண்டர் ஒன்று கொடுத்து, அதையும் அவர் கண் முன்னால் விரலால் ஓட்டிக் காட்டி அனுப்பிவைத்தார்கள். பிறகு விசாரணை. அச்சகத்தில் முழுத் தாளாக அச்சாகி வரும் நாட்களை வெட்டி, நீள மேசையில் வரிசையாகக் குவித்து வைத்திருப்பார்கள். பெண்கள் மேசையைச் சுற்றி நடந்தபடி குவியலுக்கு ஒன்றாக எடுத்து அடுக்குவார்கள். ஒவ்வொரு கட்டிலும் அடுக்கியவரின் சீட்டு இருக்கும். ஜூன் நான்கு இரட்டித்த அந்தக் கட்டுக்குள் இருந்தது, அந்த மேசையிலேயே வேகமான கைக்காரியின் சீட்டு.

“நடுவுல கரண்ட் போயிடுச்சு சார். வந்ததும் எதுவரைக்கும் எடுத்தேன்னு மறந்து, நாலை மறுபடி எடுத்துட்டேன்” என்றாள் அவள். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை.

தேதி சாருக்கு ஒளிக்காதது போதவில்லை. பத்துக்கு ஒரு காலண்டரைத்தான் தான் விரலால் ஓட்டிப் பார்ப்பது என்பதையும், இது மற்ற ஒன்பதில் ஒன்று என்பதையும் அவர் அந்தச் சபையில் நினைவுகூரவில்லை. அவளை அடுக்கு மேசையிலிருந்து எடுத்து, அட்டையில் கோந்து தடவும் மூலைக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுத்தான் அந்த முழக்கம்.

“கடவுள் உங்க வரிசைக்கு வர மாட்டாரு சார்” என்றாள் அவள், கோந்து வாளியைத் தூக்கிக்கொண்டே. “அவரு வீட்டுல வேற கம்பெனி காலண்டர்.”

பதிமூன்று பெண்களும் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் கோந்தக்கா.

வீட்டில் தேதி சார் தன் அக்காவோடு இருந்தார். மாடியில் இரண்டு அறை, இரும்புப் படி, ஜன்னலுக்குக் கீழே பஸ் போகும் தெரு. அக்கா சாதாரணப்பட்ட ஆள் இல்லை. பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடம் டைம்கீப்பர். எட்டே கால் வண்டி என்றால் எட்டே காலுக்கு விசில். டிரைவர் இன்னும் வெற்றிலை துப்பவில்லை, கண்டக்டர் இன்னும் ஏறவில்லை, டிப்போ மேனேஜரின் மாமியார் இன்னும் படியில் ஒரு கால்தான் வைத்திருக்கிறார் என்றாலும் விசில் விசில்தான். அந்த மாமியார் விஷயத்தில் அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தாள்.

இப்போது அக்காவுக்கு அறுபத்தெட்டு. இதயம் பலவீனம், கால் வீக்கம், கண்ணில் பாதி மறைப்பு. தடித்த எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், பொடி எழுத்து தெரியாது. படுக்கையை விட்டு இறங்க முடியாது. பகலில் எதிர் வீட்டுத் தையல்காரம்மா வந்து எட்டிப் பார்த்து, மாத்திரையும் சாப்பாடும் கொடுப்பாள். காலையிலும் மாலையிலும் தம்பி.

அக்காவுக்கு ஒரே மகன், கப்பலில் வேலை. ஜனவரியில் வருகிறேன் என்றான், ஏப்ரல் ஆயிற்று. ஏப்ரல், ஜூன் ஆயிற்று. ஜூன், செப்டம்பர் பதினெட்டு ஆயிற்று. ஆகஸ்ட் கடைசியில் அக்கா தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“இங்க பாருடா. பதினெட்டு வரைக்கும் மாத்திரை போட்டுக்கறேன். குடுக்கறதைச் சாப்பிடறேன். பதினெட்டு ராத்திரி பன்னெண்டு ஆயி அவன் வரலேன்னா, பத்தொம்பது காலையில இருந்து ஒரு மாத்திரை கிடையாது, ஒரு கரண்டி ஆகாரம் கிடையாது. இழுத்துக்கிட்டுக் கிடக்க என்னால ஆகாது.”

“என்னக்கா பேச்சு இது? போன்லயாவது அவன்கிட்ட…”

“போன்ல வர்றவன் வந்தவனாடா?”

தம்பி டாக்டரிடம் ஓடினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல சேதி சொல்லுமுன் எந்த டாக்டரும் கண்ணாடியைத் துடைப்பதில்லை. “மாத்திரை ரெண்டு நாள் நின்னாலே நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். எப்படியாவது போட வையுங்க. அவங்க சொன்ன சொல் மாறாதவங்களா?”

“மேனேஜர் மாமியாருக்கே மாறலை டாக்டர்” என்றார் தேதி சார்.

செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. காலை ஏழரைக்குத் தேதி சார் அக்காவின் அறை வாசலில் நின்று அன்றைய தேதியையும் கிழமையையும் உரக்கச் சொல்வார். சொல்லிவிட்டு, அவள் காதில் விழும்படி, சுவர்க் காலண்டரில் அன்றைய தாளைச் சரக்கென்று கிழித்து அவள் உள்ளங்கையில் வைப்பார். அக்கா அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். தம்பியின் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் டைம்கீப்பர் எவனுடைய வாட்ச்சையும் நம்புவதில்லை. சரி பார்த்ததும் தாள் தலையணைக்கு அடியில் போகும். பிறகு மாத்திரை.

அதே வாரத்தில் முதலாளி தேதி சாரைக் கூப்பிட்டார்.

“அடுத்த வருஷம் பிப்ரவரியில இருபத்தொன்பது இருக்கில்ல? பின்பக்கத்துல ‘இன்று ஒரு சொல்’ எழுதற பேராசிரியர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அவரு முன்னூத்தி அறுபத்தஞ்சுக்குத்தான் எழுதிக் குடுத்திருக்காரு. அந்த ஒண்ணை நீங்க எழுதிடுங்க.”

“நானா? எனக்கு எழுத வராதுங்க. தப்பு கண்டுபிடிக்கத்தான் வரும்.”

“எழுதறவன் எல்லாருக்கும் வருதா? எழுதுங்க சார்.”

செருகிய நாளின் முதுகில் செருகிய நாளைப் பற்றியே எழுதுவது என்று தேதி சார் முடிவெடுத்தார். அச்சகத்து அலமாரியில் பேராசிரியர் விட்டுப்போன தடித்த அகராதிகள் இருந்தன. நான்கு நாள் மதியச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டு, மறு கையால் புரட்டினார். எழுதியதை ஒரு மாலை அக்காவுக்குப் படித்துக் காட்டினார்.

“இடையில் செருகும் நாளுக்கு ஆங்கிலத்தில் ‘இன்டர்கேலரி’ நாள் என்று பெயர். பண்டைய ரோமில் மாதம் பிறந்ததும் பூசாரி அதைக் கூவி அறிவிப்பார். கூவுவதற்கு லத்தீன் மொழியில் ‘கலாரே’ என்று பெயர். கூவிய அந்த முதல் நாளின் பெயரிலிருந்துதான் காலண்டர் என்ற சொல்லும் வந்தது. ஆண்டு பருவத்தோடு ஒத்துப்போகாமல் பின்தங்கும்போது, நடுவில் நாட்களைச் செருகிக் கூவினார்கள். ஆகவே இடையில் கூவியது என்பதே அச்சொல்லின் பொருள்.”

அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். “அப்போ காலண்டரே கிடையாது. அவன் வாயைத் திறந்தாத்தான் மாசம்.”

“ஆமாக்கா.”

“நீ எனக்குத் தினமும் பண்றியே, அந்த வேலை.”

“அதேதான். ஆனா அவனுங்க பண்ணினதைக் கேளு.” தேதி சாரின் குரல் ஏறியது. மிச்சத்தைப் படித்தார். “சில பூசாரிகள் தமக்கு வேண்டியவர் பதவியில் இருந்தால் நாளைச் செருகி ஆண்டை நீட்டினார்கள், வேண்டாதவர் இருந்தால் செருகாமல் விட்டார்கள். ஒருவருக்காக நாளைக் கூட்டுகிறவன் ஊர் முழுவதையும் ஏமாற்றுகிறவன்.”

“கடைசி வரி நல்லா இருக்கு” என்றாள் அக்கா. “அவன் என் டிப்போவுல இருந்திருந்தா அன்னைக்கே மெமோ குடுத்திருப்பேன்.”

பதினாறாம் தேதி சாயங்காலம் போன் வந்தது. தேதி சார் படியில் இறங்கி நின்று பேசினார்.

“மாமா, கப்பல் துறைமுகத்துக்கு வெளியிலயே நங்கூரம் போட்டு நிக்குது. உள்ள இடம் இல்லையாம். எனக்கு முன்னாடி பதினோரு கப்பல்.”

“பதினெட்டாம் தேதி வந்துடுவ இல்ல?”

“பத்தொம்பது ஆகலாம் மாமா. கொஞ்சம் அப்படி இப்படியும் ஆகலாம்.”

“அப்படி இப்படின்னா?”

“கப்பல் மாமா. நான் இறங்கித் தள்ளவா முடியும்?”

தேதி சார் அந்த இரும்புப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்கச் சுவருக்குச் சுவர் அவர் பார்த்துவிட்ட நாட்கள் தொங்கின. அதில் ஒன்றைக்கூட அவரால் இப்படி அப்படி நகர்த்த முடியாது. பத்தொன்பது காலையில் அக்கா வாயை மூடிக்கொள்வாள். மூடினால் திறக்க மாட்டாள்.

மறுநாள் பதினேழு, வெள்ளி. வழக்கம்போல் கூவினார், கிழித்தார், கையில் வைத்தார். பிறகு, “ஆணி ஆடுதுக்கா, காலண்டரை எடுத்துட்டுப் போய் வளையத்தைச் சரிபண்ணிட்டு வரேன்” என்று அதை ஒரு துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் போகும்போதுதான், போன வருடம் ஒரு மனிதர் இதே மாதிரி இடுக்கிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. இடுக்கிய கையை மாற்றிக்கொண்டார். அதனால் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

கோந்து மூலையில் மதியம் ஆள் குறைவு. தேதி சார் வாளிக்கு முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா, இந்த வருஷத்துத் தாள் மிச்சம் ஏதாவது கிடக்குமா?”

“சாக்குச் சாக்கா கிடக்கு சார். கோந்து துடைக்க வெச்சிருக்கேன். ஒரு வருஷத்தோட மிச்ச நாளெல்லாம் என்கிட்டதான். எதைத் துடைக்கணும்?”

“செப்டம்பர் பதினேழு ஒண்ணு வேணும்.”

கோந்தக்காவின் தூரிகை நின்றது. அவள் துண்டைப் பார்த்தாள், துண்டுக்குள் இருந்ததைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “பதினேழு இன்னைக்குத்தான சார்? கிழிச்சிருப்பீங்களே.”

“இன்னொண்ணு வேணும்.”

“யாராவது வரிசையில நின்னு கேட்டாங்களா?”

தேதி சார் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நின்றபடியே அக்கா, மாத்திரை, கப்பல், பதினோரு கப்பல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது கட்டை விரல் தானாகக் காலண்டர் ஓரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. கோந்தக்கா ஒரு சாக்கை உதறிக் கொட்டி, முட்டி போட்டுத் தேடினாள். மார்ச் வந்தது, நவம்பர் வந்தது, ஜூன் நான்கும் ஒரு தடவை வந்தது. அதை இருவரும் பார்க்காததுபோல இருந்தார்கள். கடைசியில் ஒரு பதினேழு கிடைத்தது. மூலையில் லேசாகக் கோந்துக் கறை.

காலண்டரை மடியில் வைத்து, பதினெட்டின் தலைமேல் தலைமுடி அகலத்துக்குக் கோந்து இழுத்து, பதினேழை வைத்து நகத்தால் நீவினாள். தேதி சார் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் ஓட்டிப் பார்த்தார். ஒட்டு தெரியவில்லை. முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சுத்தமான பிழையை அவர் பார்த்ததில்லை.

“கப்பல்ங்கறீங்க” என்றாள் கோந்தக்கா. “மூணா வெச்சுத் தரட்டுமா?”

“ஒண்ணு போதும்மா. நான் அந்த மாதிரி ஆள் இல்ல.”

“சரிதான் சார்” என்றாள் அவள். சிரிக்காமல் சொன்னது அவளுடைய பெருந்தன்மை.

ரோமில் ஒரு பேரரசுக்கே நாளைக் கூட்டினார்கள், நியாயம்தான், அவர்களிடம் ஆள் படை இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஒரு நாளைக் கூட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தேதி சாருக்கு அன்று மாலைதான் தெரிந்தது. ரேடியோ மணிக்கு ஒரு தரம் தேதி சொல்லும். பேட்டரியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டார். தையல்காரம்மா சும்மா இருக்கும்போது, என்றைக்கு யார் ஜாக்கெட்டுக்கு வருகிறார்கள் என்று கிழமையோடு பேசுகிறவள். அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“பொய் சொல்ல எனக்கு வராது சார்” என்றாள் அவள். “வாயில ஊசியைக் கடிச்சுக்கிட்டே இருக்கேன். கேட்டா ‘உம்’னுதான் வரும்.”

மறுநாள் காலை ஏழரை. ஊருக்குப் பதினெட்டு, சனி. தேதி சார் வாசலில் நின்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் பிரித்தெடுத்தார்.

“பதினேழு, வெள்ளிக்கிழமை.”

சரக். உள்ளங்கையில் தாள். அக்கா ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள். பிறகு தலையைச் சாய்த்துத் தெருவைக் கேட்டாள்.

“ஏழு நாப்பதுக்கு ஸ்கூல் வேன் ஹாரன் அடிப்பானே. இன்னும் காணோம்.”

“வேன்… ரிப்பேர்னு சொன்னாங்கக்கா.”

“ம்” என்றாள் அக்கா. மாத்திரை போட்டுக்கொண்டாள். 

அச்சகத்தில் பிப்ரவரி இருபத்தொன்பதின் பின்பக்கம் புரூஃப் வந்து காத்திருந்தது. பேனாவை எடுத்து வரி வரியாக வந்தார். ‘கூவினார்கள்’, ‘செருகி’, ‘நீட்டினார்கள்’, எல்லாம் சரி. கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. ‘ஒருவருக்காக நாளைக் கூட்டுகிறவன்…’ அந்த வரியை முழுதாக அடித்தார். அடித்ததன் மேல் இன்னொரு கோடும் போட்டார். முதலாளி எட்டிப் பார்த்து, “ஏன் சார், அதான் பஞ்ச்சா இருந்துச்சு?” என்றார்.

“இடம் பத்தாதுங்க” என்றார் தேதி சார். அரை அங்குலம் இடம் காலியாகக் கிடந்தது.

வெட்டிய வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சுரீர் என்றது. ஒரு பதினேழை வைத்தோம். நேற்றுக் கொடுத்த பதினேழை எடுத்தோமா? அது தலையணைக்கு அடியில் அல்லவா இருக்கிறது! முப்பத்தொரு வருடம் ஊரார் காலண்டரில் இரட்டைத் தாளைத் தேடிய மனிதர், தன் இரட்டைத் தாளை அக்காவின் தலைக்கு அடியிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டார்.

அரை நாள் லீவு என்று வாயால் சொல்லிவிட்டு, எழுதிக் கொடுக்காமலே ஓடினார். முப்பத்தொரு வருடத்தில் அதுவும் முதல் தடவை.

வீட்டுக்குள் நுழைந்தபோது தையல்காரம்மா வாயில் ஊசியோடு வெளியே வந்தாள். அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வையின் மேல் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில், நுனியோடு நுனி சேர்ந்து கிடந்தன. ஒன்றின் மூலையில் கோந்துக் கறை.

“ரெண்டு பதினேழு இருக்குடா” என்றாள் அக்கா.

தேதி சார் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

“உங்க ஆளுங்க தப்பா அடுக்கிட்டாங்களா? போன வருஷம் ஒருத்தி பண்ணினாளே, அந்த மாதிரி?”

வழி திறந்துதான் கிடந்தது. அக்காவே திறந்து வைத்திருந்தாள். ‘ஆமாக்கா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முழக்கம் அப்படியே இருக்கும், கையும் சுத்தமாக இருக்கும், கோந்து மூலையில் இன்னொரு பெயர் சேரும். அவ்வளவுதான்.

“இல்லக்கா” என்றார். “அடுக்கினவங்க மேல தப்பு இல்ல. நான்தான் வெச்சேன்.”

அக்கா தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “கப்பலா?”

“வெளியில நிக்குதாம். முன்னாடி பதினோரு கப்பல்.”

“எப்ப வருமாம்?”

“தெரியலக்கா. அவனுக்கும் தெரியல.”

கீழே ஒரு பஸ் வந்து நின்றது. யாரோ ஏறினார்கள், யாரோ ஓடிவந்தார்கள், விசில் கேட்டது, போய்விட்டது. அக்கா அது போகும்வரை கேட்டாள்.

“எட்டே கால் வண்டிக்கு ஒருத்தி தினமும் ஓடி வருவாடா. கையைக் காட்டிக்கிட்டே ஓடி வருவா. மெயின் கேட் பக்கம் அவ வரும்போது நான் விசில் அடிச்சிருப்பேன். தினமும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “ஒரு நிமிஷம் நிறுத்தி வெச்சிருக்கலாம். என்ன ஆயிருக்கும்? விசில் என் வாயிலதான இருந்துச்சு.”

தேதி சார் அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார். தப்பு கண்டுபிடிக்கும் வேலையில் இதற்குப் பயிற்சி கிடையாது.

அக்கா இரண்டு தாளையும் சேர்த்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். “மத்தியான மாத்திரை இன்னும் போடல. அவ வாயைத் திறக்கவே மாட்டேங்கறா, ஊசியைக் கடிச்சுக்கிட்டு. நீயே எடுத்துக் குடு.”

அன்று சாயங்காலம் போன் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் வந்தது. தேதி சார் படியில் நின்று கேட்டார். முன்னாடி இப்போது ஒன்பது கப்பல். இரண்டு உள்ளே போயிருக்கின்றன. இந்தக் கணக்கில் எத்தனை நாள் என்று வகுத்துப் பார்த்தார். வகுக்க வரவில்லை. கோந்தக்கா கேட்டபோதே மூன்றாக வாங்கியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, அச்சகம் பூட்டு. சாக்கெல்லாம் உள்ளே.

ஏழரைக்கு அறை வாசலுக்கு வந்தார். அக்கா விழித்து, கையை நீட்டித் தயாராக இருந்தாள். சுவரில் பதினெட்டு, சனி, தடித்த எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் அது நேற்று. அதை இன்று கிழித்தால், நாளைக்குப் பத்தொன்பது. தேதி சார் தாளின் ஓரத்தைக் கட்டை விரலால் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு நாளும் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

“பதினேழு, வெள்ளிக்கிழமை.”

நீட்டிய கை அப்படியே இருந்தது. “தாளு?”

“இல்லக்கா. தீர்ந்துபோச்சு.”

அக்கா கையை மடக்கி, தலையணைக்கு அடியில் விட்டுத் துழாவினாள். கோந்துக் கறை படிந்த தாளை எடுத்தாள். ஜன்னலுக்கு நேரே பிடித்து, வழக்கம்போல நிதானமாகப் பார்த்தாள்.

“சரியாத்தான் இருக்கு” என்றாள். “மாத்திரையைக் குடு.”

தேதி சார் முதலில் வெள்ளை மாத்திரையை எடுத்துக் கொடுத்தார், பிறகு ரோஸ். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது கொஞ்சம் தரையில் சிந்தியது. துடைக்கத் துணியைத் தேடினார், அகப்படவில்லை, காலாலேயே தேய்த்துவிட்டார்.